தினமும் மைஹாமாவைக் கடக்கிறேன், இறங்க நேரமில்லை. ஒரு மணி நேரத்துக்காக டிஸ்னி சீ போகலாமா?

முத்துநகர்க்காரி (புதன் இரவு)

வணக்கம். டோக்கியோ பக்கம் இருப்பவர்கள் யாராவது நாளை மாலைக்குள் பதில் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

நான் ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். மகுஹாரி மெஸ்ஸேயில் நடக்கிற கண்காட்சியில் எங்களுக்கு ஒரு ஸ்டால். அதற்காகத் திங்கட்கிழமை வந்தேன், சனிக்கிழமை காலை நரிதா ஏர்போர்ட்டிலிருந்து கிளம்பணும். ரூம் ஹாட்ச்சோபோரியில். அங்கே கெய்யோ லைனில் ஏறினால் நேராக கைஹின் மகுஹாரியில் இறங்கிக்கொள்ளலாம். நடுவில் மைஹாமா வருகிறது, டிஸ்னிலாந்து, டிஸ்னி சீ இரண்டு பார்க்குக்கும் இறங்குகிற ஸ்டேஷன். அதுதான் என் பிரச்சினை.

நேற்றும் இன்றும் போக வர நான்கு தடவை கடந்தாயிற்று. போகும்போது வேண்டுமென்றே வலது பக்கக் கதவோரம், கடல் பக்கம் பார்த்து நிற்கிறேன். கசாய் ரின்காய் பூங்காவின் ராட்டினம் போகும், பழைய எடோ ஆற்றுப் பாலம் தடதடக்கும், அப்புறம் மரங்களுக்கு மேலே டிஸ்னிலாந்துக் கோட்டையின் நீலக் கூம்பு. வண்டி நின்றதும் பெட்டியில் பாதிப் பேர் இறங்கிவிடுகிறார்கள். காது வைத்த தலைப்பட்டையோடு பெண்பிள்ளைகள், ஒரே மாதிரிச் சட்டை போட்ட ஜோடிகள், காலி பாப்கார்ன் டப்பாவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒரு சின்னப் பையன். கதவு மூடுகிறது. நான் லேப்டாப் பையோடு உள்ளேயே நிற்கிறேன். இன்று காலையில் கண் கலங்கிவிட்டது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் தன் இடத்தைக் கொடுக்க எழுந்துவிட்டார்.

2015லிருந்து 2019 வரை நாங்கள் நிஷி கசாயில் இருந்தோம். வீட்டுக்காரர் ஆன்சைட்டில், காலையில் போனால் ராத்திரி பத்தரைக்குத்தான் வருவார். எனக்கு ஜப்பானிய மொழி ஒரு எழுத்துத் தெரியாது. மகளுக்கு மூன்று வயசு. முதல் குளிர்காலத்தில் நாலு சுவரைப் பார்த்துப் பார்த்து மூச்சு முட்டியது. அப்போது வருடாந்திர பாஸ் விற்றுக்கொண்டிருந்தார்கள் (2020இல் கொரோனாவோடு அதை நிறுத்திவிட்டார்கள்). மூன்று வயசு வரைக்கும் பிள்ளைக்கு டிக்கெட் கிடையாது. எனக்கு மட்டும் ஒரு பாஸ் எடுத்துக்கொடுத்தார். கசாய் ஸ்டேஷனில் ஷட்டில் செவன் பஸ் ஏறி, புளிச்சாதம் கட்டிக்கொண்டு, வாரத்துக்கு இரண்டு நாள் போய்விடுவோம். பெரிய ரைடு எதிலும் ஏறியதில்லை. டிஸ்னி சீயில் இருக்கிற சிந்துபாத் படகு மட்டும். பத்து நிமிஷம், வரிசையே இருக்காது, இறங்கி மறுபடி ஏறலாம். சிந்துபாத்தோடு ஒரு புலிக்குட்டி வரும், பெயர் சந்து. என் மகள் அதைச் சந்துரு என்றுதான் சொல்வாள். நம் ஊர்ப் பேப்பரில் சிந்துபாத் படக்கதை முடிவில்லாமல் ஓடிக்கொண்டிருக்குமே, அந்தச் சிந்துபாத்துக்கு இப்படி ஒரு புலிக்குட்டி துணை இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

இன்னொன்றும் சொல்லணும். அங்கே பெருக்கிற பணியாளர்கள் துடைப்பத்தைத் தண்ணீரில் நனைத்துத் தரையில் மிக்கி படம் போடுவார்கள். ஒரு நாள் சிந்துபாத் படகு இருக்கிற அரேபியன் கோஸ்ட் பகுதியின் முற்றத்தில் ஒரு பையன் அப்படிப் போட்டான். மகள் குந்தி உட்கார்ந்து அது காய்கிற வரைக்கும் பார்த்தாள். காய்ந்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள். நான் பாட்டில் தண்ணீரில் விரலை நனைத்து அதே இடத்தில் நேர்ப்புள்ளி ஐந்து வைத்து ஒரு சிக்குக் கோலம் இழுத்தேன். அந்தப் பையன் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு முழங்காலில் உட்கார்ந்து கோடு எங்கே சேருகிறது என்று பார்த்தான். நாட்டுக்கு வந்து ஆறு மாதத்தில் என்னிடம் ஒருவர் ஒன்றைக் கவனித்துப் பார்த்தது அன்றுதான். அதனால்தான் இந்த இடம் எனக்கு வெறும் பார்க் இல்லை.

சரி, கேள்வி. புதன், வெள்ளி இரண்டு இரவும் வாடிக்கையாளரோடு சாப்பாடு. நாளை வியாழன் மட்டும் இல்லை. ஏழு மணிக்கு ரிவ்யூ முடியும், இரவு ஒன்பதரைக்கு ஓசூர் பிளான்ட்டோடு மீட்டிங், ரூமில் இருந்தாகணும். கணக்குப் போட்டால் மைஹாமாவில் ஏழரை முதல் எட்டே முக்கால் வரை. இதற்காக மாலை டிக்கெட் வாங்கி டிஸ்னி சீக்குள் போகலாமா? அல்லது வெளியே நின்று பார்த்துவிட்டு வருவதா? வெளியே நின்றால் மனசு இன்னும் கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

---

நிஷிகசாய்வாசி

வணக்கம் சகோதரி. நீங்கள் இருந்த அதே பேட்டையில் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறேன்.

நேராகச் சொல்கிறேன், உள்ளே போகாதீர்கள். வார நாளில் மாலை ஐந்து மணிக்கு மேல் போகிற வீக்நைட் பாஸ்போர்ட் இருக்கிறது, நாளைப் பொறுத்து 4,500 முதல் 6,200 யென் வரை. ஐந்து மணிக்கே போனால் அருமையான டிக்கெட். உங்களுக்கு மைஹாமா ஏழரை என்றால், அங்கிருந்து மோனோரயில் பிடித்து டிஸ்னி சீ வாசலில் சோதனை முடித்து உள்ளே கால் வைக்கும்போது எட்டு ஆகிவிடும். பார்க் மூடுவது ஒன்பது. அரை மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஓடுவீர்கள்.

பதிலாக இதைச் செய்யுங்கள். மைஹாமா ஸ்டேஷனை ஒட்டி ரிசார்ட் கேட்வே ஸ்டேஷன். அங்கே டிஸ்னி ரிசார்ட் லைன் மோனோரயிலில் ஏறுங்கள். 300 யென்தான், பார்க் டிக்கெட் தேவையில்லை, ரயிலுக்குத் தேய்க்கிற சூயிகா அட்டையே போதும். ஒரே திசையில் இரண்டு பார்க்கையும் சுற்றி வரும், நான்கு ஸ்டேஷன், ஒரு சுற்றுக்குப் பதின்மூன்று நிமிஷம் போல ஆகும். பேசைடு ஸ்டேஷன் தாண்டியதும் நல்ல காட்சி ஆரம்பம். நீங்கள் 2019இல் போய்விட்டதால் டிஸ்னி சீயின் புதுப் பகுதியான ஃபேண்டசி ஸ்பிரிங்ஸ் பார்த்திருக்க மாட்டீர்கள், 2024 ஜூனில் திறந்தார்கள். உங்கள் காலத்தில் அங்கே வெறும் கார் பார்க்கிங்.

ஸ்டேஷன் பக்கத்தில் பழைய பெட்டி, தொப்பிப் பெட்டி வடிவத்தில் இருக்கிற போன் வோயாஜ் கடை ஞாபகம் இருக்கும். அதற்கும் டிக்கெட் வேண்டாம். எட்டரை வாக்கில் ஐந்து நிமிஷம் வாணவேடிக்கை இருக்கும், காற்று பலமாக இருந்தால் ரத்து செய்துவிடுவார்கள், அன்றைய நேரத்தைப் பார்க்கின் செயலியில் பாருங்கள்.

என் பேச்சைக் கேட்காமல் உள்ளேதான் போவேன் என்றால், ஒன்று மட்டும். டிக்கெட்டை இன்றைக்கே வாங்கிவிடாதீர்கள். தேதியை மாற்றலாம், ஆனால் பணம் திரும்ப வராது. ரிவ்யூ முடிந்து ரயிலில் உட்கார்ந்த பிறகு செயலியில் வாங்குங்கள்.

---

ஆரஞ்சு மரத்தடி

மேலே அண்ணன் சொன்னதற்கு நேர்மாறாகச் சொல்ல வந்தேன். போங்கள், தங்கச்சி. உள்ளே போங்கள்.

கலிபோர்னியாவில் அனஹைம் கன்வென்ஷன் சென்டரில் ஒரு மாநாட்டுக்காக நான்கு நாள் இருந்தேன். கட்டெல்லா அவென்யூவின் ஒரு பக்கம் மாநாடு, மறுபக்கம் வால்ட் டிஸ்னி ஆரஞ்சுத் தோப்பை வாங்கிக் கட்டி 1955இல் திறந்த முதல் டிஸ்னிலாந்து. கோயம்புத்தூரில் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் வீட்டுக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு பழைய காலண்டர் வந்தது, அதில் டிஸ்னிலாந்துக்குள் கட்டிய மேட்டர்ஹார்ன் மலையின் படம். பத்து வருஷம் அது சுவரில் தொங்கியது. ஹோட்டல் ஐந்தாவது மாடியிலிருந்து அந்த மலையின் உச்சி நிஜமாகவே தெரிந்தது.

நேரமில்லை, நேரமில்லை என்றே நான்கு நாளும் போய்விட்டது. கடைசி நாள் இரவு இரண்டு பார்க்குக்கும் நடுவில் இருக்கிற திறந்தவெளிக்குப் போனேன். பைகளைச் சோதித்து அனுப்புவார்கள், டிக்கெட் கேட்பது அதற்கும் அப்பால்தான். அங்கே நின்றால் உள்ளே ஓடுகிற நீராவி ரயிலின் ஊதல் கேட்கும். இருபது நிமிஷம் நின்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். ஊருக்கு வந்து அப்பாவிடம் சொன்னபோது, "அவ்ளோ தூரம் போயிட்டு வாசலோட வந்துட்டியே" என்றார். அவர் இப்போது இல்லை. அவருக்காகவாவது ஐந்து நிமிஷம் உள்ளே போய் ஒரு படம் எடுத்திருக்கலாம்.

காசு திரும்பச் சம்பாதிக்கலாம்.

---

வெண்பொங்கல்

போன மாதம்தான் போய் வந்தேன், தூரக் கணக்கு மட்டும் சொல்கிறேன். டிஸ்னி சீ வாசலிலிருந்து அரேபியன் கோஸ்ட் கடைசியில் இருக்கிறது. துறைமுகத்தைச் சுற்றி, எரிமலையைத் தாண்டி, வேகமாக நடந்தால் பத்துப் பன்னிரண்டு நிமிஷம். சிந்துபாத் வரிசை அன்றைக்கும் ஐந்து நிமிஷம்தான். போக வர இருபத்தைந்து, படகுக்குப் பதினைந்து. எட்டுக்கு நுழைந்தால் எட்டே முக்காலுக்குத்தான் வெளியே வருவீர்கள், ரூமுக்குப் போய்ச் சேர ஒன்பதே காலைத் தாண்டிவிடும். முடியும், ஆனால் ஒரு நிமிஷம்கூடத் தவறக்கூடாது. சந்து நலம். அக்கா, அந்தப் பக்கம் கறி மசாலா பாப்கார்ன் இன்னும் விற்கிறார்கள்.

---

சிபா சித்தப்பா

முத்துநகர் என்று பார்த்ததும் எழுதத் தோன்றியது அம்மா. தூத்துக்குடிதானே?

நான் மைஹாமா இருக்கிற உராயாசு ஊரில் வெகுநாளாக இருக்கிறேன். நீ ரயிலில் நின்று பார்க்கிற அந்த இடம் முழுவதும் அறுபது வருஷத்துக்கு முன்னால் கடல். இந்த ஊர் மீனவர்கள் அதில் சிப்பி அள்ளினார்கள், நோரிப் பாசி வளர்த்தார்கள். தொழிற்சாலைக் கழிவு வந்து கடல் கெட்டது. 1962இல் மீன்பிடி உரிமையில் ஒரு பகுதியையும் 1971இல் மீதி முழுவதையும் விட்டுக்கொடுத்தார்கள். அதைத் தூர்த்த மண்ணில்தான் 1983 ஏப்ரலில் டோக்கியோ டிஸ்னிலாந்து திறந்தது. அமெரிக்காவுக்கு வெளியே டிஸ்னியின் முதல் பார்க். 2001இல் டிஸ்னி சீ. ஊர் அருங்காட்சியகத்தில் அந்தக் காலத்து பெக்காபுனே வைத்திருக்கிறார்கள், ஒற்றை ஆள் போகிற சின்னப் படகு. நம் பக்கத்து வல்லம்போல் அகலம் கிடையாது, ஒரு ஆள் உட்கார்ந்தால் சரியாக இருக்கும். இன்னொரு தடவை வந்தால் மகளோடு போய்ப் பார்.

2011 நிலநடுக்கத்தன்று இரண்டு பார்க்கிலும் எழுபதாயிரம் பேர் போல இருந்தார்கள். அங்கே வேலை செய்த பிள்ளைகள் கடையிலிருந்த பொம்மைகளை எடுத்து, தலையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஜனங்களுக்குக் கொடுத்தார்கள். ஊர்த்தெருக்களில் மண் குழம்பாகி மேலே வந்தது, என் வீட்டு வாசல் ஒரு முழம் இறங்கியது. ஐந்து வாரம் கழித்து ஏப்ரல் 15, அதன் பிறந்தநாளன்று, டிஸ்னிலாந்தைத் திறந்தார்கள். அன்றைக்கு எட்டரை மணிக்கு வெடிச் சத்தம் கேட்குமா என்று நான் பால்கனியில் காத்திருந்தேன்.

போவதா வேண்டாமா என்று உனக்கு நான் சொல்ல மாட்டேன். பிள்ளையை போனில் கூப்பிட்டு வைத்துக்கொள், அது போதும்.

---

முத்துநகர்க்காரி (சனி காலை, நரிதாவிலிருந்து)

எல்லோருக்கும் நன்றி. விமானத்துக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது, நடந்ததை எழுதிவிடுகிறேன்.

ரிவ்யூ ஏழுக்கு முடியவில்லை. ஏழு முப்பத்தைந்து ஆனது. ஆரஞ்சு மரத்தடி அண்ணா, உங்கள் அப்பா சொன்னதைப் படித்த பிறகு உள்ளே போவது என்றே முடிவு செய்திருந்தேன். மைஹாமாவில் இறங்கும்போது எட்டு ஐந்து. உள்ளே போய்ப் பிரயோஜனமில்லை. நல்லவேளை, நிஷிகசாய் அண்ணா சொன்னபடி டிக்கெட் வாங்கியிருக்கவில்லை.

சித்தப்பா சொன்ன மாதிரி மகளை வீடியோவில் கூப்பிட்டேன். நம் ஊரில் அப்போது நாலே முக்கால், ஸ்கூல் விட்டு வந்து யூனிஃபார்மோடு இருந்தாள். எட்டாம் வகுப்பு. மோனோரயிலில் ஏறினோம். ஏறினோம் என்றே எழுத வருகிறது. இந்த ஊர் வண்டியில் போன் பேசக்கூடாது அல்லவா, அதனால் ஒலியை அடைத்துவிட்டு கேமராவை ஜன்னலுக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். மிக்கி வடிவ ஜன்னல், மிக்கி வடிவக் கைப்பிடி. அவள் பேசாமல் எழுதி எழுதி அனுப்பினாள். "கைப்பிடி எனக்கு எட்டாதுல்ல அப்போ." "இடது பக்கம் திருப்பும்மா." பேசைடு தாண்டியதும் ஃபேண்டசி ஸ்பிரிங்ஸ் ஹோட்டல் விளக்குப் போட்டு நின்றது. "இது எங்க இருந்து வந்துச்சு?" என்றாள். நாம் பஸ்ஸிலிருந்து பார்ப்போமே, அந்த பார்க்கிங் என்று எழுதினேன்.

டிஸ்னி சீ ஸ்டேஷனில் கதவு திறந்தது. பார்க்கின் இசை காற்றோடு உள்ளே வந்தது. சீக்கிரம் கிளம்பிய கூட்டம் ஏறியது. எனக்கு எதிரே ஒரு அம்மா, மடியில் தூங்குகிற பிள்ளை, பிள்ளையின் கழுத்தில் பாப்கார்ன் டப்பா. மூடி சரியாக மூடாமல் இருந்தது. மஞ்சளும் சீரகமும் வறுத்த மாதிரி அந்த வாசனை. வெண்பொங்கல், அதேதான். மகள் திரையில் டப்பாவைப் பார்த்துவிட்டாள். "வாசம் வருதா?" வருகிறது என்று எழுதினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. அப்புறம், "நல்லா இழுத்துக்கோ, எனக்கும் சேத்து" என்று வந்தது.

டிஸ்னி சீயின் டவர் ஆஃப் டெரர் ரைடுக் கட்டிடம் ஒளியில் தெரிந்தது. அதற்குப் பின்னால் எங்கோ இருட்டில் சிந்துபாத் படகுகள் போய்க்கொண்டிருக்கும். கேட்வேயில் இறங்கி, மறுபடி 300 யென் கொடுத்து இன்னொரு சுற்றுப் போனோம்.

வாணவேடிக்கை நடக்கவில்லை. காற்று. எட்டரைக்குச் செயலியில் ரத்து என்று வந்தது. போன் வோயாஜில் சந்து பொம்மை தேடினேன், கிடைக்கவில்லை. ஒரு டின் பிஸ்கட் வாங்கிக்கொண்டு ஒன்பதுக்குள் ரயில் ஏறிவிட்டேன். மீட்டிங்குக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

ஸ்டேஷனுக்கு வெளியே கைகழுவிவிட்டு வரும்போது கை ஈரமாக இருந்தது. யாரும் நடக்காத ஓரமாகக் குந்தி, தரைக்கல்லில் அந்த ஐந்து புள்ளிக் கோலத்தைப் போட்டேன். அந்தக் காற்றில் கடைசிக் கோடு இழுப்பதற்குள் முதல் புள்ளி காய்ந்துவிட்டது. போனில் காட்டினேன், மகள் முழுசாகப் பார்த்தாள்.

நேற்று காலையும் அதே வலது பக்கக் கதவோரம் நின்றேன். கண் கலங்கவில்லை. ஆனால் இறங்க வேண்டும் என்ற ஆசை துளிகூடக் குறையவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

---

நிஷிகசாய்வாசி

படித்துவிட்டு வீட்டிலும் படித்துக் காட்டினேன். என் மனைவி, அடுத்த தடவை குடும்பத்தோடு வந்தால் நம் வீட்டில்தான் தங்கணும் என்கிறாள். புளிச்சாதம் நாங்கள் கட்டித் தருகிறோம். மகளுக்கு என்ன வயசு? டிக்கெட் பார்த்துச் சொல்கிறேன்.

---

முத்துநகர்க்காரி

பதின்மூன்று முடிந்துவிட்டது அண்ணா. பார்த்துவிட்டேன், 4 முதல் 11 வரைதான் சிறுவர் டிக்கெட், இனி அவளுக்கு 12–17 ஜூனியர் டிக்கெட். அதை அவளிடம் சொன்னேன். "அப்போ சந்துருவுக்கும் வயசாகியிருக்குமேம்மா" என்கிறாள். போர்டிங் கூப்பிடுகிறார்கள். அண்ணியிடம் சொல்லுங்கள், கண்டிப்பாக வருகிறோம்.